ராகமை தாண்டினால் சொல்லுங்கோ

காங்கேசன்துறை, கீரிமலை, மாவிட்டபுரம், மயிலிட்டிப் பக்கத்து முதியோர் சங்கங்களில் இருக்கும் அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும்,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். நான் மாவிட்டபுரத்தாள். கோயில் மணி கேட்டு எழும்பி வளர்ந்தவள். வேலைக்கென்று கொழும்புக்கு வந்து, சண்டையால் திரும்ப முடியாமல் போய், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் முப்பத்தைந்து வருடங்களாக இருக்கிறேன். ஊரிலிருந்து வைத்தியத்துக்கும் விசாவுக்கும் வருகிறவர்கள் ஒரு இரவு, இரண்டு இரவு என்று எங்கள் வீட்டில் தங்கிப் போவார்கள். அதனால் உங்களில் பலரை எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு நாள் விடியப்புறம் நாலரை மணிக்கு, காலி வீதியில் வந்து நின்ற இரவுப் பஸ்ஸிலிருந்து எனக்குப் பெரியம்மா முறையான ஒருவரைக் கைபிடித்து இறக்கினேன். வயது எழுபத்தெட்டு. இரண்டு காலும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. வழியில் பஸ் ஒரே இடத்தில்தான் நின்றதாம். இருட்டில் படியிறங்கப் பயந்து அங்கும் இறங்கவில்லை. இந்தச் சிரமம் வரும் என்று தெரிந்தே, முதல் நாள் மத்தியானத்திலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் வந்திருக்கிறார். விசாவுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஆரோ ஒரு பெடியனைப் பிடித்து ரிக்கற் போட்டு, எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் தாய்க்குச் சொல்லியிருக்கிறான். பாசமான பிள்ளைதான், காசுக்கும் பஞ்சம் வைக்கவில்லை. காலைச் சுடுதண்ணீரில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்தபோது பெரியம்மா மெதுவாகச் சொன்னா: "கோச்சியில வரத்தான் விருப்பமா இருந்தது பிள்ளை. என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை."

அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் பயணத்தை நீங்களே தீர்மானியுங்கள். எந்த நாள், எந்த வண்டி, எந்த வகுப்பு, எங்கே தங்குவது என்பதெல்லாம் உங்கள் வாயிலிருந்து வரட்டும். ரிக்கற் போடுவதற்குப் பேரப்பிள்ளை உதவலாம், காசு பிள்ளை அனுப்பலாம். ஆனால் கேள்வி உங்களிடம் வரவேண்டும். என்னைக் கேட்டால், காங்கேசன்துறையில் ஏறிப் பகல் வண்டியில் வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

உங்களுக்குள் இருக்கும் பயத்தையும் அறிவேன். கொழும்பு என்றதும் உங்களில் பலருக்கு நெஞ்சு இறுகுவது நோயால் அல்ல. கடைசியாக நீங்கள் இந்தப் பாதையால் வந்தது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். 1977 ஓகஸ்ட்டில் அநுராதபுரம் ஸ்ரேசனில் ரயிலில் வந்த எங்கள் சனத்தின் மீது நடந்த தாக்குதலைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. அதற்குப் பிறகு அப்பா அநுராதபுரம் கிட்டினாலே யன்னல் பலகையை இறக்கிவிடுவார். மதவாச்சி வரும்வரை பெட்டிக்குள் ஒருவரும் கதைக்க மாட்டோம். 1983 கலவரம் வந்தது. 1990 ஜூனில் ரயில் நின்றே போனது. அதே மாதங்களில்தான் நீங்கள் காங்கேசன்துறையையும் மயிலிட்டியையும் விட்டு, பூட்டிய வீட்டின் திறப்போடு மல்லாகத்துக்கும் சுன்னாகத்துக்கும் நடந்தீர்கள். பிறகு கொழும்புக்கு வருவதென்றால் கிளாலியில் இரவில் வள்ளம் ஏறவேண்டும். வவுனியாவில் பாஸுக்கு வரிசையில் நிற்கவேண்டும். 2002இல் ஏ-9 பாதை திறந்து நாலு வருடம் மூச்சு விட்டோம். 2006 ஓகஸ்ட்டில் அதுவும் மூடிக்கொண்டது, திரும்பவும் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல்.

கொழும்பில் வந்து இறங்கினால் லொட்ஜ், பொலிஸ் பதிவு, நடுச்சாமத்தில் கதவு தட்டும் சத்தம். 2007 ஜூன் 7 விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு வெளியேற்றினார்கள். வைத்தியத்துக்கு வந்த கிழவர்களும் அதில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவும் வருத்தம் தெரிவித்தார். இருந்தும் பஸ்ஸில் இருந்தவர்களின் மனதிலிருந்து அந்த விடியல் போய்விடுமா? இந்த நகரத்துச் சனமும் பயத்தோடுதான் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1996 ஜூலையில் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் செத்தார்கள். என் வீட்டுக்கு அடுத்த ஸ்ரேசன் அது. அந்தப் பின்னேரம் தெருவில் கேட்ட அழுகை எனக்கு மறக்காது.

இதையெல்லாம் மறந்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல நான் ஆர்? ஆனால் இன்று அந்தப் பாதையில் பாஸ் இல்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பையை அவிழ்க்கத் தேவையில்லை. லொட்ஜில் தங்கினால் அடையாள அட்டை கேட்டுப் புத்தகத்தில் எழுதுவார்கள், அது எல்லாருக்கும் உள்ள நடைமுறை. நாங்கள் இழந்த அந்த ரயில் 2014 ஒக்ரோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2 அன்று காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. இருபத்துநாலரை வருடம் காத்திருந்தவர்கள் நீங்கள். வந்த வண்டியில் ஏறாமல், இரவுப் பஸ்ஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு வருவது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

சரி, ஆயத்தத்துக்கு வருவோம்.

முதலில், வரத்தான் வேண்டுமா என்று பாருங்கள். கடவுச்சீட்டுக்காகக் கொழும்புக்கு வெளிக்கிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2025 செப்டெம்பர் 1 முதல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டுப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை வெளிநாட்டுக்காக உறுதிப்படுத்தும் கொன்சியூலர் அலுவலகமும் அங்கே உண்டு. ஒரு மணித்தியாலத் தூரத்தில் முடியும் அலுவலுக்காக 400 கிலோமீற்றர் வரவேண்டாம். விசாவுக்குக் கைரேகை, மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையின் கிளினிக், பெரிய சத்திரசிகிச்சை, பேத்தியின் கலியாணம் என்று வந்தே ஆகவேண்டிய காரணங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வாருங்கள். காரணமே இல்லாமல், கடலைப் பார்த்துவிட்டுப் போகவும் வாருங்கள்.

நாளைத் தீர்மானிக்கும்போது கலண்டரில் போயா தினங்களையும், வெள்ளி அல்லது திங்களில் விழும் விடுமுறைகளையும் தவிர்த்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும், பள்ளிக்கூட விடுமுறையும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வந்த சனம் முழுக்க அந்த வண்டிகளில்தான் இருக்கும். கைரேகையோ கிளினிக்கோ திங்கட்கிழமை என்றால் சனிக்கிழமை வந்துவிடுங்கள். அதே நாள் காலையில் இறங்கி நேரே அலுவலுக்கு ஓடும் திட்டத்தை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். உடம்புக்கு ஒரு பகல் ஓய்வு வேண்டும். ரயில் பிந்தினாலும் மனம் பதறாமல் இருக்கும்.

ஆசனங்களை ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னரே பதியலாம். யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் கருமபீடம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் போனிலும் பதிவார்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், பயணத்தன்று அசல் அட்டையையே கொண்டு வாருங்கள், போட்டோப் பிரதி போதாது. அரசாங்க வேலையிலிருந்து இளைப்பாறியவர்களுக்கு வொறண்ட் இருக்கிறது. பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டு முழுக் காசு கொடுக்காதீர்கள், கருமபீடத்தில் அதைக் காட்டிக் கேளுங்கள்.

முதலாம் வகுப்புக் குளிரூட்டிய பெட்டி நல்லதுதான். ஆனால் யன்னல் திறக்காது, மூட்டு வருத்தக்காரருக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்வதும் இல்லை. ஒரு சால்வையும் ஒரு சோடிக் காலுறையும் இருந்தால் சமாளிக்கலாம். இரண்டாம் வகுப்பில் யன்னலைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டு வரலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். கழிப்பறை பெட்டியின் கரையில் இருக்கும். பெட்டியின் நடுவில் இருந்தால் ஓடுகிற வண்டியில் ஆசனம் ஆசனமாகப் பிடித்து நடக்கவேண்டும். அதனால் கரையிலிருந்து மூன்றாவது நாலாவது வரிசையைக் கேளுங்கள். பிறசருக்கு நீர்க்குளிசை எடுப்பவர்கள், பயண நாளில் அதை எத்தனை மணிக்குப் போடுவது என்று டொக்ரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஒருவரும் தண்ணீரை நிறுத்தாதீர்கள். ரயிலில் எழும்பிப் போகலாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

காங்கேசன்துறையில் ஏறச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வண்டி வந்து நிற்கும், சனம் முட்டிமோதி ஏறும், சூட்கேஸ் காலில் அடிக்கும். காங்கேசன்துறையில் வண்டி வெறுமையாக நிற்கும். படி உயரம், ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்து ஆறுதலாக ஏறலாம். பையை மேலே வைக்க ஒருவரைக் கேட்கலாம், ஆசன இலக்கத்தைச் சரிபார்க்கலாம். அரை மணித்தியாலம் முந்திப் போய்விடுங்கள். ஸ்ரேசனுக்குக் கிட்டத்தான் கடல், அதையும் ஒருக்கால் பார்த்துவிட்டு ஏறுங்கள். இந்தப் பாதைக்குத் தலைவாசல் எங்கள் ஊர். 1902இல் முதன்முதலாகத் தண்டவாளம் திறந்தது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில்தான். அநுராதபுரம் பக்கத்திலிருந்து வந்த பாதை அதோடு பொருந்தி, 1905இல்தான் கொழும்புக்கு முழுதாக ரயில் ஓடியது. யாழ்தேவி 1956 ஏப்ரலில் வந்தது. எங்கள் அப்பா அதில் எத்தனை தரம் போய்வந்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. கொழும்பு அலுவலக லிகிதர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள் எல்லாருக்கும் ஊரென்பது அந்த வண்டியின் மறுகரை.

வெளிக்கிடுவதற்கு இரண்டு நாள் முந்தி, வண்டி ஓடுகிறதா என்று ஒரு தரம் விசாரியுங்கள். 2023இலும் 2024இலும் ஓமந்தைக்கும் மாகோவுக்கும் இடையில் பாதை திருத்துவதற்காக மாதக்கணக்கில் வண்டிகள் நின்றன. 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலில் நாட்டின் பல இடங்களில் தண்டவாளம் சேதமானது. நேர அட்டவணையும் மாறும். அதனால்தான் இந்த மடலில் மணித்தியாலக் கணக்கு எழுதாமல் விடுகிறேன். 1919 என்ற அரச தகவல் நிலையத்துக்கு எடுத்தால் தமிழிலேயே சொல்வார்கள். வழியில் உடம்புக்கு ஏதும் என்றால் 1990, இலவச அம்புலன்ஸ். எங்களுக்கு 1990 என்றால் ஊரை விட்ட வருடம். அதே இலக்கத்தை இப்போது உதவிக்கு அழுத்துகிறோம். மறக்காது.

சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். புட்டும் வாழைப்பழமும் தாங்கும். இடியப்பம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். தயிர், பால் சேர்ந்த எதுவும் வேண்டாம். சீனி வருத்தக்காரர் இரண்டு பிஸ்கற்றும் ஒரு ரொபியும் கைப்பைக்குள் வையுங்கள், மேலே வைத்த பைக்குள் அல்ல. குளிசையும் அப்படித்தான். வழியில் கடலை, வடை, தேத்தண்ணி வரும். மரக்கறிக்காரர் பார்த்து வாங்குங்கள், பருப்பு வடையும் இறால் வடையும் சில வேளை ஒரே கூடையில் இருக்கும்.

இனி யன்னல். பகலில் வாருங்கள் என்று நான் சொல்வது பாதுகாப்புக்காக மட்டுமல்ல. தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், கோண்டாவில், கொக்குவில் என்று வண்டி போகும்போது பனையும் தோட்டமும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நகரும். நீங்கள் இடம்பெயர்ந்து இருந்த வீடுகள் சில அந்தப் பாதையோரத்தில்தான் இருந்தன. நாவற்குழி தாண்டினால் தென்மராட்சி. கொடிகாமம், பளை, பிறகு ஆனையிறவு. அந்த இடத்தில் நித்திரை கொள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் பரவைக் கடல், வெயிலுக்குத் தகடாக மின்னும். எத்தனையோ பிள்ளைகள் செத்த மண். இரு தரப்பிலும். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய் ஆனையிறவு வரும்போது எழும்பி நிற்பா, ஒரு சொல்லும் கதைக்கமாட்டா. அவவின் மகன் எங்கே விழுந்தான் என்று அவவுக்கு இன்றைக்கும் தெரியாது.

கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம். முறிகண்டியில் பிள்ளையாருக்கு வானில் போகிறவர்கள் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவார்கள். ரயிலில் இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்து கும்பிடலாம், அவர் கோபிக்கமாட்டார். வவுனியாவுக்குப் பிறகு பெயர்ப்பலகைகளில் சிங்களம் பெரிதாகத் தெரியும், ஆனால் தமிழும் இருக்கும். அநுராதபுரத்தில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வர எனக்குப் பல வருடம் எடுத்தது. அப்பாவின் கை இன்னும் அந்தப் பலகையில் இருப்பது போலவே ஒரு நினைவு. முதன்முறை திறந்து வைத்தபோது, மேடையில் வெள்ளை உடுத்த ஓர் ஆச்சி, என் வயதை ஒத்தவ, ஏறி என் பக்கத்தில் இருந்தா. பேரனைப் பார்க்க ராகமைக்குப் போறாவாம். நான் அவவுக்கு வாழைப்பழம் கொடுத்தேன். அவ எனக்கு ஒரு பொட்டலம் அவித்த கடலை தந்தா. என் சிங்களம் அலுவலகச் சிங்களம், அவவின் தமிழ் நாலு சொல். குருநாகல் வரை கதைத்தோம். உங்களுக்குச் சிங்களம் தெரியாவிட்டாலும் யோசிக்காதீர்கள். ரிக்கற்றை நீட்டினால் ஆசனத்தைக் காட்டுவார்கள். கோட்டை ஸ்ரேசனை "கொட்டுவ" என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

பொல்காவலையில் மலைநாட்டுப் பாதை வந்து சேரும். அதற்குப் பிறகு ஸ்ரேசன்கள் நெருக்கமாக வரும், அலுவலகச் சனம் ஏறி இறங்கும். இறங்குவதற்குப் பதற்றப்பட வேண்டியதில்லை. ராகமை தாண்டியபின் பையை ஒருக்கால் பாருங்கள், கண்ணாடி, போன், குளிசை, அடையாள அட்டை. மருதானையில் இறங்கிவிடாதீர்கள், அதற்கு அடுத்ததுதான் கோட்டை.

சில வண்டிகள் கோட்டையோடு நின்றுவிடாமல் கரையோரமாகக் கல்கிசை வரைக்கும் போகும். பதியும்போதே கேளுங்கள்: வெள்ளவத்தையில் நிற்குமா? நிற்குமென்றால் உங்களுக்கு அதைப்போல நிம்மதி வேறில்லை. கோட்டையில் இறங்கி மேம்பாலப் படியேறி மாறவேண்டியதில்லை. நிற்காவிட்டால் பொதி தூக்க நாட்டாமை ஒருவரைப் பிடியுங்கள், கூலியை முதலே பேசுங்கள். வாசலில் நிற்கும் ஓட்டோவில் மீற்றர் போடச் சொல்லுங்கள். அல்லது பேரப்பிள்ளையைப் போனில் பிக்மீ செயலியால் வண்டி கூப்பிடச் சொல்லுங்கள். கோட்டைக்கு அப்பால் கரையோர ரயிலில் வருகிறவர்கள் வலப்பக்கம் இருங்கள். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வரும். பம்பலப்பிட்டி தாண்டினால் வெள்ளவத்தை. காலையில் காங்கேசன்துறையில் பார்த்த கடலைப் பின்னேரம் திரும்பவும் பார்ப்பீர்கள். ஒரே கடல்தான். ஆனால் இங்கே அலை பெரிது.

தங்குமிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்தக்காரர் வீடு இருந்தால் அதுவே நல்லது. லொட்ஜ் என்றால் மேல்மாடி அறை வேண்டாம், லிப்ற் இருக்கிறதா, வெஸ்ரேண் கழிப்பறை இருக்கிறதா என்று இரண்டு கேள்வியைப் போனிலேயே கேளுங்கள். வெள்ளவத்தையில் நீங்கள் ஒரு சொல் சிங்களம் கதைக்காமல் ஒரு கிழமை இருக்கலாம். சந்தையில் முருங்கைக்காயும் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் கிடைக்கும், விடிய நடக்க மயூரபதி அம்மன் கோயில் இருக்கிறது, பின்னேரத்துக்கு இராமகிருஷ்ண மிஷன். வாசிக்க விருப்பமானவர்களுக்குத் தமிழ்ச் சங்கத்து நூலகம், அதன் கதிரைகளில் உங்கள் வயதுக்காரர் பலரைக் காண்பீர்கள்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் அலுவல் உள்ளவர்கள், அல்லது அங்கே சொந்தம் உள்ளவர்கள், அங்கேயே தங்குங்கள். கோட்டை ஸ்ரேசனுக்கு அது கிட்ட. நெரிசல் கூட, ஆனால் சனத்தின் மனம் பெரிது. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன், தகப்பனார் எழுப்பிய கோயிலைக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். உள்ளே போனால் வெளியில் இருக்கும் லொறிச் சத்தம் ஒன்றும் கேளாது, கல்லின் குளிர்மை மட்டும்தான். மயிலிட்டிப் பக்கத்து அந்தோனியார் பக்தர்களுக்குக் கொச்சிக்கடைக் கோயில் பக்கத்தில். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று அங்கே நடந்த குண்டுவெடிப்பை அறிவீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் இன்றும் எல்லா மதத்துச் சனமும் அங்கே மெழுகுதிரியோடு நிற்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. பனிக்குள் இரண்டு வேலை செய்து அனுப்பும் காசு அது. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "அம்மா, பத்தாம் திகதி பஸ்ஸுக்குப் போட்டிருக்கிறன்" என்று சொல்லாமல், "அம்மா, எந்த நாள் உங்களுக்கு வசதி, எதில வர விருப்பம்?" என்று கேளுங்கள். அவர் யோசிக்க நேரம் கொடுங்கள். "உன்ர விருப்பம் ராசா" என்றுதான் முதலில் சொல்வார். அதை அவருடைய பதிலாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த நாளும் கேளுங்கள். கிளாலியை இருட்டில் கடந்து, உங்களை ஒரு இடுப்பிலும் பொதியை மற்ற இடுப்பிலும் சுமந்து வந்த தாய்மார் அவர்கள். ஒரு ரயில் பயணத்தை அவர்களுக்குத் திட்டமிடத் தெரியும்.

தனியே வரத் தயக்கமாக இருந்தால், அம்மாமாரே, சங்கத்தில் கதையுங்கள். உங்களுக்குள் இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதத்தில் கொழும்பில் அலுவல் இருக்கும். ஒன்றாகப் பதியுங்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் மற்றவர் பையைப் பார்ப்பார். ஒருவருக்குத் தலை சுற்றினால் மற்றவர் கூப்பிடுவார். இவ்வளவுக்குத்தான் ஒரு துணை தேவைப்படுகிறது. அதற்கு வெளியாள் ஒருவரைக் காசு கொடுத்துப் பிடிக்கத் தேவையில்லை. சங்கக் கூட்டத்தில் ஒரு கொப்பி வைத்து, ஆருக்கு எப்போது கொழும்பு அலுவல் என்று எழுதி வந்தாலே போதும். திரும்பும் ரிக்கற்றையும் அன்றே பதிந்துவிடுங்கள். அலுவல் முடிந்தும் "இடம் கிடைக்கேல்லை" என்று ஆரோ ஒருவரின் வீட்டில் கூச்சத்தோடு இருக்க வேண்டியதில்லை.

பெரியம்மா திரும்பிப் போனது ரயிலில். கைரேகை கொடுத்து இரண்டு நாள் கழித்து. வெள்ளவத்தைச் சந்தையில் பேத்திக்கு ஒரு சட்டை, தனக்கு ஒரு சோடிச் செருப்பு வாங்கினா. கோட்டையில் நான்தான் ஏற்றிவிட்டேன். யன்னலோர ஆசனம், அவவே கேட்டு எடுத்தது. பின்னேரம் போனில் கூப்பிட்டா. "ஆனையிறவு வந்திட்டுது பிள்ளை, தண்ணி நிறைய நிக்குது, கொக்குகள்" என்றா. பிறகு வண்டிச் சத்தம்தான் கேட்டது, அவ போனை வைக்க மறந்துவிட்டா. நானும் வைக்கவில்லை. பளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வரும்போதும் அப்படியே ஒரு கோல் எடுங்கள். ராகமை தாண்டினால் சொல்லுங்கோ. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்ரேசனுக்கு நடந்து வர எனக்கு அது போதும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் ஊர்ப் பிள்ளை